உடைத்துப் போட்ட 400 தகடுகள்

1915 நவம்பர் 9. அண்டார்க்டிகாவின் வெட்டெல் கடலில் மிதந்துகொண்டிருந்த ஒரு பனிப்பாளத்தின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து, கண்ணாடி நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பயணத்தின் தலைவர் எர்னஸ்ட் ஷேக்கில்டன். இன்னொருவர் ஃபிராங்க் ஹர்லி, 30 வயது, ஆஸ்திரேலியர், பயணத்தின் புகைப்படக்காரர், திரைப்படக்காரர். வேண்டும் என்று முடிவானது தகரப் பெட்டிக்குள் போனது. வேண்டாம் என்று முடிவானதை அந்த இடத்திலேயே உடைத்தார்கள். சாயங்காலத்துக்குள் 120 தகடுகள் தப்பின. சுமார் 400 தகடுகள் கண்ணாடித் துண்டுகளாகிவிட்டன.

சும்மா ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, ஏன் உடைக்க வேண்டும்? மனசு மாறிவிடக்கூடாது என்றுதான். ஒரு வருஷ உழைப்பு பக்கத்திலேயே முழுசாகக் கிடந்தால், இரவில் எழுந்து போய் இன்னும் பத்தை எடுத்து வரத் தோன்றும். அந்தப் பத்துத் தகட்டின் எடை, கப்பலை இழந்த 28 பேர் பனியில் இழுக்க வேண்டிய படகின் எடையோடு சேரும். ஒவ்வொருவரும் 2 பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருளைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று ஷேக்கில்டன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, தன்னிடம் இருந்த தங்கக் காசுகளை எல்லார் கண் முன்னாலும் பனியில் வீசினார். அப்படிப்பட்ட நிலையில் 120 கண்ணாடித் தகடுகளையும் திரைப்படச் சுருள்களையும் அவர் அனுமதித்தார் என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய விஷயம். தங்கத்துக்கு இல்லாத இடம் படத்துக்குக் கிடைத்தது.

காரணம் கலை ஆர்வம் மட்டுமில்லை, கடன். அந்தக் காலத்து துருவப் பயணங்களுக்கு அரசாங்கப் பணம் கொஞ்சம்தான் வரும். மீதியைத் தலைவரே செல்வந்தர்களிடமும் செய்தித்தாள்களிடமும் திரட்ட வேண்டும். திரும்பி வந்தபின் எழுதும் புத்தகம், நடத்தும் சொற்பொழிவு, காட்டும் திரைப்படம், இவற்றின் உரிமையை முன்கூட்டியே விற்றுத்தான் கப்பலே கிளம்பும். ஷேக்கில்டனின் இந்தப் பயணத்துக்கும் திரைப்பட உரிமைக்கென்று ஒரு தனிக் கூட்டு நிறுவனம் அமைத்திருந்தார்கள். அண்டார்க்டிகா கண்டத்தைக் குறுக்கே கடக்கும் திட்டம் தோற்றுவிட்டது, கப்பலும் நொறுங்கிவிட்டது. ஊர் திரும்பினால் கையில் காட்ட இருப்பது ஹர்லியின் பெட்டி ஒன்றுதான். இன்று காட்டுக்குள்ளும் மலைக்கும் துருவத்துக்கும் போய்ப் படமெடுக்கிற சாகசக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். படம்தான் பயணத்துக்குச் சோறு போடும் என்ற அந்தக் கணக்கில் முதலில் வாழ்ந்து பார்த்தவர்களில் ஒருவர் ஹர்லி.

அவர் பிறந்தது 1885 அக்டோபர் 15, சிட்னியின் கிளீப் பகுதியில். அப்பா அச்சுத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். பையன் 13 வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய், லித்கோ என்ற ஊரின் இரும்பாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த இரும்பாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது 28 பேருக்கு உதவப் போகிறது. பிறகு சிட்னி திரும்பி, 15 ஷில்லிங் விலையுள்ள ஒரு கோடாக் பெட்டிக் கேமராவை வாரம் ஒரு ஷில்லிங் தவணையில் வாங்கினார். தபால் அட்டைப் படங்கள் தயாரிக்கும் தொழிலில் கூட்டுச் சேர்ந்தார். அது கடும் போட்டி இருந்த தொழில். பக்கத்துக் கடையில் இல்லாத படம் நம் கடையில் இருக்க வேண்டும். அதற்காக ஹர்லி பாறை விளிம்பில் நின்று அலையைப் படமெடுத்தார், ஓடி வருகிற ரயிலுக்கு எதிரே தண்டவாளத்தில் நின்று ரயிலைப் படமெடுத்தார். ஆபத்தான இடத்தில் நின்றால்தான் படம் விற்கும் என்பதை அண்டார்க்டிகாவுக்கு வெகு முன்னாலேயே, ஒரு தபால் அட்டையின் விலையில் அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

1911-இல் துருவப் பயணி டக்ளஸ் மாசன் அண்டார்க்டிகா கிளம்பப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், அவர் ஏறிய ரயில் பெட்டியிலேயே தானும் ஏறி, வழி நெடுகப் பேசிப் பேசி இடம் வாங்கினார் ஹர்லி. அந்தப் பயணம் போய் இறங்கிய டெனிசன் முனை, கடல் மட்டத்தில் பூமியிலேயே மிக மோசமாகக் காற்று வீசும் இடங்களில் ஒன்று. நிலத்தின் உயரத்திலிருந்து குளிர்ந்த கனமான காற்று கடலை நோக்கிச் சரிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். நாள்கணக்கில் ஓயாது. அதில் நிற்க வேண்டுமானால் காற்றின் மேல் சாய்ந்துதான் நிற்க வேண்டும். பெரிய மரக் கேமராவையும் முக்காலியையும் அங்கே நிறுத்துவது எப்படி இருந்திருக்கும்? காற்று சட்டென்று ஒரு நொடி நின்றால், சாய்ந்து நின்ற ஆள் குப்புற விழுவார்.

அந்தப் பயணத்தில் ஹர்லி கேமராவோடு குடிசையில் உட்கார்ந்திருக்கவில்லை. தென் காந்த துருவத்தை நோக்கிப் போன மூவர் குழுவில் ராபர்ட் பேஜ், எரிக் வெப் இருவரோடு அவரும் ஒருவர். பனி வண்டியை ஆள்களே இழுத்துக்கொண்டு சுமார் 480 கி.மீ. உள்ளே போனார்கள். திரும்பி வரும்போது வழியில் புதைத்து வைத்திருந்த உணவுக் கிடங்கு ஒன்று கண்ணில் படவில்லை. பனியின் வெளிச்சத்தில் கண்கள் எரிய, வயிறு காலியாக, 1913 ஜனவரியில் உயிரோடு குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சாகசத்தைப் படமெடுப்பவர் சாகசத்தில் பங்கேற்பவராகவும் இருந்தால், அவர் எதைப் படமெடுக்க முடியாது என்பதும் அதிலேயே முடிவாகிவிடுகிறது. மிக மோசமான தருணங்களில் அவர் கை வண்டிக் கயிற்றில்தான் இருக்கும், கேமராவில் இருக்காது. பனிப்பயணப் படங்களில் உச்சக்கட்டம் அடிக்கடி காணாமல் போவது இதனால்தான்.

மாசன் பயணத்தின் திரைப்படம் ஹர்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெயரை நம்பித்தான் ஷேக்கில்டனின் பயணத்துக்குப் பணம் போட்டவர்கள் அவரைக் கேட்டார்கள். 1914 அக்டோபரில் புவனோஸ் ஏரீஸ் துறைமுகத்தில் எண்டூரன்ஸ் கப்பலில் ஏறினார். டிசம்பர் 5-இல் தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து கப்பல் கிளம்பியது. 1915 ஜனவரி மூன்றாம் வாரத்தில் வெட்டெல் கடலின் பனி அதை நாலாபக்கமும் இறுக்கிப் பிடித்தது. பிறகு அது நகரவே இல்லை, பனி போன திசையில் பனியோடு போனது.

கப்பல் மாட்டிக்கொண்ட அந்தப் பத்து மாதம்தான் ஹர்லியின் பெரிய வேலைக் காலம். பாய்மரத்தின் உச்சியில் ஏறுவார். கப்பல் மாட்டிக்கொள்ளும் முன்பே, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையின் நுனியில் தொங்கிக்கொண்டு, கீழே கப்பல் பனியைப் பிளப்பதைப் படமெடுத்திருந்தார். கூட இருந்தவர்கள் தங்கள் குறிப்புகளில் அவருடைய துணிச்சலையும் எழுதியிருக்கிறார்கள், அவர் வாயில் வருகிற வசவுகளையும் எழுதியிருக்கிறார்கள். புகழ்ச்சிக்கு மயங்குவார் என்பதால் 'இளவரசர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பனியில் கூடாரம் போட வேண்டி வந்தபோது ஷேக்கில்டன் அவரைத் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். இந்த ஆளை மதிப்பாக நடத்தாவிட்டால் குழுவில் பிளவு வரும் என்று தலைவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் குளிரில் படமெடுப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய திரைப்படக் கேமராவைக் கையால் சுழற்ற வேண்டும், ஏறக்குறைய நொடிக்கு இரண்டு சுற்று. ஒரு சுற்றுக்கு 8 சட்டகம், ஆக நொடிக்கு 16. சுற்றும் வேகம் ஏறி இறங்கினால் திரையில் மனிதர்கள் ஓடுவார்கள் அல்லது தவழ்வார்கள். கடுங்குளிரில் கேமராவுக்குள் இருக்கும் எண்ணெய் கெட்டியாகி, கைப்பிடி சுற்ற மறுக்கும். பிலிம் சருகுபோல் மொறுமொறுப்பாகி ஒடியும். காற்று அத்தனை வறட்சியாக இருப்பதால் பிலிம் உராயும்போது நிலைமின்சாரம் உண்டாகி, மின்னல் கீற்றுகள்போல் கோடு விழும். லென்ஸுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டால் அதில் பனி படரும். வெறும் விரலால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், கையுறை போட்டால் திருகைத் திருப்ப முடியாது. வெளியே இருந்த கேமராவை நேராகக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளேயும் வெளியேயும் ஈரம் பூத்துவிடும். மறுபடி வெளியே எடுத்துப் போனால் அந்த ஈரமே உறைந்து கேமராவைப் பூட்டிவிடும்.

இது படமெடுக்கும் பாடு. அதைக் கழுவும் பாடு தனி. கண்ணாடித் தகட்டை மருந்தில் நனைத்த பிறகு நல்ல தண்ணீரில் நெடுநேரம் அலச வேண்டும். சுற்றிலும் இருப்பதெல்லாம் பனி, அதை உருக்கினால்தான் தண்ணீர். தொட்டியைக் கதகதப்பாக வைக்கத் தவறினால் தகடுகளோடு சேர்ந்து தண்ணீர் ஒரே கட்டியாக உறைந்துவிடும். மருந்தும் குளிரும் சேர்ந்து நகக்கண்களைச் சுற்றி விரல்களை வெடிக்க வைக்கும். இன்று நாம் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கிற அந்தத் தெளிவான சாம்பல் நிறங்கள், வெடித்த விரல்களால் அலசப்பட்டவை.

1915 ஆகஸ்ட் 27 இரவில் அவர் எடுத்த கப்பல் படத்தைப் பார்த்திராதவர்கள் குறைவு. கரிய வானத்தின் முன்னால் எண்டூரன்ஸ் வெள்ளைப் பேய்போல் நிற்கும். கயிறு ஒவ்வொன்றிலும் உறைபனி பூத்திருக்கும். சுற்றிலும் இரவின் இருட்டு. வெளிச்சத்துக்காகப் பனிமேடுகளுக்குப் பின்னால் வெவ்வேறு இடங்களில் பளீரென்று எரியும் ஃபிளாஷ் பொடியை வைத்து, சுமார் 20 முறை வெடிக்கச் செய்தார். வெளிச்சம் கண்ணைக் குருடாக்க, இருட்டில் திசை தெரியாமல் பனிமேடுகளில் மோதி விழுந்து எழுந்து எடுத்த படம் அது. கப்பல் அப்போதே பனியின் நெருக்கத்தில் முனகிக்கொண்டிருந்தது. அதன் உருவத்தைப் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்ற அவசரம் அந்தப் படத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 27-இல் கப்பலைக் கைவிட்டார்கள். பனி அதைப் பிழிந்தெடுக்க, பாய்மரங்கள் சரிந்தன. ஹர்லி கேமராவை நிறுத்திக் காத்திருந்து அதைப் படமெடுத்தார். எழுதி வைத்த கதையில்லை, ஒத்திகை கிடையாது. தங்கள் வீடு இடிவதை நின்று பார்க்கிற மனிதர்களில் ஒருவர் மட்டும் கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று வீதம் நிதானமாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். அந்த நிதானம் எப்படி வந்தது என்று யோசித்தால் எனக்கு இன்னும் மலைப்பாகவே இருக்கிறது.

ஆனால் நெகட்டிவ்கள் எல்லாம் கப்பலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. சில நாள் கழித்து ஹர்லி ஒரு மாலுமியை அழைத்துக்கொண்டு சிதைந்த கப்பலுக்குத் திரும்பிப் போனார். பலகைச் சுவரைக் கோடரியால் வெட்டி உள்ளே நுழைந்தார். தண்ணீரும் பனிச்சேறும் நிறைந்திருந்தது. கொக்கியால் துழாவிப் பார்த்தார், அகப்படவில்லை. துணியைக் களைந்துவிட்டு உள்ளே குதித்தார். பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே தந்தார். அவை துத்தநாகம் வேய்ந்து ஈயப்பற்று வைத்து அடைக்கப்பட்டிருந்ததால் உள்ளே ஈரம் போகவில்லை. அப்படிக் காப்பாற்றியதைத்தான் ஒரு வாரம் கழித்துத் தலைவரோடு உட்கார்ந்து உடைக்க வேண்டி வந்தது. மிச்சம் வைத்த 120-ஐ அவரே மறுபடி ஈயப்பற்று வைத்து மூடினார். நவம்பர் 21-இல் கப்பல் முழுகியது.

பெரிய கேமராக்களை எல்லாம் பனியிலேயே விட்டார். கையில் எஞ்சியது சட்டைப்பையில் மடக்கி வைக்கும் ஒரு சின்னக் கோடாக், மூன்று பிலிம் சுருள். அடுத்து வந்த பத்து மாதத்துக்கும் இவ்வளவுதான். பனிப்பாளத்தில் மிதந்தது, 1916 ஏப்ரலில் படகில் இறங்கியது, எலிபெண்ட் தீவில் ஒதுங்கியது, அங்கிருந்து ஷேக்கில்டனும் ஐவரும் ஜேம்ஸ் கெயர்ட் என்ற படகில் 1300 கி.மீ. கடலைத் தாண்டி உதவி தேடிப் போனது, கவிழ்த்து வைத்த இரண்டு படகுக்கு அடியில் 22 பேர் 4 மாதத்துக்கும் மேல் காத்திருந்தது, ஆகஸ்ட் 30-இல் சிலி நாட்டின் யெல்ச்சோ கப்பல் வந்தது. இத்தனைக்கும் சேர்த்து அவர் எடுத்த படங்கள் 40-க்கும் குறைவு. வாரக்கணக்கில் ஒரு படம்கூட எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை விரல் அழுத்தும்போதும், இதைவிட முக்கியமான ஒன்று நாளை வந்துவிடுமோ என்ற கணக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சின்னப் படங்களில் மேகம் கிடையாது, அலங்காரம் கிடையாது. அழுக்கு முகங்கள், கரும்பாறை, புகை. இரும்பாலையில் பழகிய கை இந்தக் காலத்தில்தான் உதவியது. கப்பலின் சாம்பல் கொட்டும் குழாயை வெட்டி சீல் கொழுப்பில் எரியும் அடுப்பு செய்தவர் ஹர்லி. கெயர்ட் படகில் தண்ணீர் இறைக்கும் பம்பை, கப்பலின் திசைகாட்டிக்குத் துணையாக இருந்த உலோகக் குழாயிலிருந்து செய்தவரும் அவர்தான். அந்த பம்பு இல்லாமல் படகு கரை சேர்ந்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. படமெடுக்க வந்த ஆள், படமெடுக்க முடியாத காலத்தில் செய்த வேலை அது.

சரி, இப்போது கொஞ்சம் சிக்கலான பகுதிக்கு வருவோம்.

1916 நவம்பரில் ஹர்லி லண்டன் வந்து சேர்ந்தார். சுருள்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் திருப்தி இல்லை. கப்பல் இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன, பாய்மரம் சரிவது இருக்கிறது. அதற்குப் பிறகு திரைப்படம் இல்லை, ஏனென்றால் கேமராவைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. விலங்குகளும் போதவில்லை. எனவே 1917 தொடக்கத்தில் ஹர்லி மறுபடி தெற்கு ஜார்ஜியாவுக்குக் கிளம்பினார், இந்த முறை பெங்குயின்களையும் யானை சீல்களையும் பனியாறுகளையும் படமெடுக்க. 1919-இல் 'சவுத்' என்ற பெயரில் முழுப்படம் வந்தது. அதைப் பார்க்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கதை உச்சத்தைத் தொடும் படகுப் பயணத்தில் அசையும் காட்சி நின்றுபோய், நிழற்படங்களும் வரைந்த ஓவியங்களும் வருகின்றன. அப்புறம் திடீரென்று பெங்குயின்கள் தத்தித் தத்தி நடக்கின்றன. படத்தொகுப்பில் நேர்ந்த கோளாறு என்று அதை நினைக்கக்கூடாது. ஒரு பனிப்பாளத்தின் மேல் எடுத்த முடிவின் தழும்பு அது.

லண்டன் அரங்கு ஒன்றில் ஷேக்கில்டன் 1919 டிசம்பரிலிருந்து மாதக்கணக்கில், ஒரு நாளைக்கு இரண்டு முறை மேடையேறி, இந்தப் படக்காட்சிகள் ஓட ஓடப் பேசினார். எண்டூரன்ஸ் ஆள்கள் 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அவர் கனவு நொறுங்கிய கப்பல் அது. கடனை அடைக்க அதை அவர் தினமும் இருமுறை பார்க்க வேண்டியிருந்தது.

எலிபெண்ட் தீவில் எடுத்த ஒரு படம் உண்டு. கரையில் வரிசையாக நிற்கும் ஆள்கள் கையை உயர்த்தி ஆட்டுகிறார்கள். 1916 ஏப்ரல் 24-இல் ஜேம்ஸ் கெயர்ட் படகை வழியனுப்பியபோது எடுத்தது. பின்னாளில் அதே படம் சில மாற்றங்களோடு மீட்புக் காட்சியாகக் காட்டப்பட்டது. பிரிவு சந்திப்பாகிவிட்டது. ஆள்கள் அவர்களேதான், கையசைப்பும் அதேதான், தலைப்பு மட்டும் பொய். இன்னும் பல படங்களில் வெறும் வானத்துக்கு வேறொரு நெகட்டிவிலிருந்து மேகங்களைக் கொண்டுவந்து ஒட்டினார். அன்றைய தகடுகள் நிலத்தையும் வானத்தையும் ஒரே வெளிச்சக் கணக்கில் சரியாகப் பதிய மாட்டா, வானம் வெளுத்துப் போகும். எனவே மேகம் ஒட்டுவது எல்லாருக்கும் பழகிய வேலை. ஹர்லி மற்றவர்களைவிட இரண்டு அடி அதிகமாகப் போனார்.

அந்த இரண்டு அடி 1917-இல் பெரிய சண்டையாக வெடித்தது. ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக அவர் பெல்ஜியத்தில் ஈப்பர் போர்முனைக்குப் போனார். போரை ஒற்றைத் தகட்டுக்குள் அடைக்க முடியாது என்பது அவர் வாதம். ஆள்கள் ஓரிடத்தில், குண்டு வெடிப்பது இன்னோரிடத்தில், விமானம் வேறொரு நாளில். இவற்றைச் சேர்த்தால்தான் அங்கே நின்றவன் உணர்ந்தது படத்தில் வரும் என்றார். போர் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த சார்லஸ் பீன் இதைப் போலி என்றே சொன்னார். செத்தவர்களின் வரலாற்றில் ஒட்டுப்போட்ட படம் வரக்கூடாது என்பது அவர் பக்கம். ஹர்லி வேலையை விட்டுவிடுவேன் என்கிற வரை போனது. கடைசியில் சில கூட்டுப் படங்களுக்கு அனுமதி கிடைத்தது. 1918-இல் லண்டன் கண்காட்சியில் 12 நெகட்டிவ்களைச் சேர்த்த, 6 மீட்டருக்கு மேல் அகலமான ஒரு போர்க்காட்சி மாட்டப்பட்டது. கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது.

இதில் நான் பீன் பக்கம். ஆனால் ஹர்லியை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. குண்டுக்குழிகளுக்கு நடுவே கேமராவோடு நின்றவர் அவர், அறைக்குள் உட்கார்ந்து கற்பனை செய்தவர் இல்லை. தான் அனுபவித்த பயத்தின் அளவு தகட்டில் வரவில்லையே என்ற ஏக்கம் உண்மையானது. ஆனால் அந்த ஏக்கத்துக்கு விடை அவரிடமே இருந்தது. 1917 அக்டோபர் 29-இல் ஷத்தோ வுட் என்ற இடத்தில் எடுக்கப்பட்ட, அவர் பெயரில் இருக்கும் அந்தப் படம்: கிளையில்லாத மரக்கட்டைகள், சேற்றுத் தண்ணீர், பலகைப் பாதையில் ஐந்து சிப்பாய்கள். வெடிப்பு இல்லை, விமானம் இல்லை. முதல் உலகப் போர் என்றதும் இன்று உலகம் முழுக்கப் புத்தகங்களில் வருவது இதுதான், 12 நெகட்டிவ் சேர்த்த படம் இல்லை. கையில் குறைவாக இருந்தபோதெல்லாம் ஹர்லி நேர்மையாக இருந்தார், இருட்டறையும் நேரமும் நிறையக் கிடைத்தபோது கூட்டினார். மூன்று சுருளோடு எலிபெண்ட் தீவில் எடுத்தவற்றையும் லண்டனில் வேலை செய்து முடித்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எனக்கு மேலும் உறுதியாகிறது.

காட்டுப் படங்கள், பனிப் படங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கூட்டல் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஓர் ஆள் தன்னந்தனியாகப் பனிவெளியில் நடந்து தொலைவில் மறைகிறார் என்று படம் காட்டுகிறது. கேமரா எங்கே இருக்கிறது? கூட ஆள் இருந்தால் அவர் தனியாக இல்லை. உண்மையிலேயே தனியாக இருந்தால், கேமராவை நிறுத்திவிட்டு நடந்து மறைந்து, மறுபடி திரும்பி வந்து கேமராவை எடுத்துக்கொண்டு மூன்றாவது முறையும் அதே வழியில் நடக்க வேண்டும். நாம் பார்ப்பது ஒரு நடை, அவர் நடந்தது மூன்று. இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், உழைப்பு அது. ஆனால் பிரிவைச் சந்திப்பு என்று காட்டுவது வேறு. பார்ப்பவர் எதை நம்பிப் படத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாரோ, அதைத் தொட்டுவிடுகிறது.

ஹர்லி 1918 ஏப்ரலில் கெய்ரோவில் ஆன்டொனெட் என்ற இசை நாடகப் பாடகியை, சந்தித்த பத்து நாளுக்குள் திருமணம் செய்துகொண்டார். நான்கு குழந்தைகள். வருஷத்தில் பாதிக்கு மேல் அப்பா ஊரில் இல்லாத வீடு அது.

1920-களில் அவர் நியூ கினி தீவில் இருக்கும் பப்புவாவுக்குப் போனார். இங்கே அவரை ஆதரிப்பது எனக்குக் கடினம். கடல் விமானங்களையும் வயர்லெஸ் கருவியையும் கொண்டு போய் அவர் எடுத்த படத்தின் தலைப்பிலேயே அந்த மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று சொல்லும் சொல் இருக்கிறது. 'பேர்ல்ஸ் அண்ட் சாவேஜஸ்', முத்தையும் அவர்களையும் ஒரே மூச்சில் காட்சிப் பொருளாக்கிய தலைப்பு. சடங்குப் பொருள்களை மக்களின் பொதுவீடுகளிலிருந்து மிரட்டி எடுத்ததாகப் புகார் எழுந்தது. பப்புவாவின் ஆஸ்திரேலிய நிர்வாகம் அவர் சேகரித்தவற்றைத் தடுத்து வைத்தது. அடுத்த படத்துக்கு அவர் டச்சுக்காரர்கள் ஆண்ட பகுதிக்குப் போக வேண்டி வந்தது. ஆளில்லாத பனியில் பழகிய கண், ஆளிருக்கும் காட்டையும் ஆளில்லாத இடமாகவே பார்த்தது. பனியாற்றிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு ஊரின் வாசலில் நிற்கும்போது கேட்க வேண்டும். அந்த வித்தியாசம் அவருக்கு உறைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுருள்களில் பதிவான சடங்குகளையும் கட்டடங்களையும் இன்று தேடிப் பார்ப்பவர்களில் அந்த மக்களின் வழிவந்தவர்களும் இருக்கலாம் என்பதை மறுக்க முடியாது.

அதன் பிறகு மாசனோடு 1929 முதல் 1931 வரை மறுபடி அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியக் கதைப்படங்களுக்கு ஒளிப்பதிவு, இரண்டாம் உலகப் போரில் மத்தியக் கிழக்கு, கடைசிக் காலத்தில் ஆஸ்திரேலிய நகரங்களையும் நிலக்காட்சிகளையும் பற்றிய படப் புத்தகங்கள். 1962 ஜனவரி 16-இல் சிட்னியில் இறந்தார், 76 வயது.

அவருடைய கண்ணாடித் தகடுகள் சிட்னியிலும் கான்பெராவிலும் லண்டனிலும் நூலகங்களில் பாதுகாப்பாக இருக்கின்றன. பனியில் எடுத்த சில வண்ணத் தகடுகளும் அவற்றில் உண்டு. 'சவுத்' படத்தை பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்து மீட்டெடுத்தது. 2022 மார்ச் 5-இல் வெட்டெல் கடலின் 3008 மீட்டர் ஆழத்தில் எண்டூரன்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது. மரம் அரிக்கும் புழுக்கள் அந்தக் குளிரில் இல்லாததால் கப்பல் உளுத்துப் போகவில்லை. பின்பக்கத்தில் பெயரெழுத்துகளும் அதற்குக் கீழே நட்சத்திரமும் அப்படியே தெரிகின்றன. நீருக்கடியில் எடுத்த அந்தப் படங்களை, ஹர்லி எடுத்த படங்களின் பக்கத்தில் வைத்து இன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். 

அவர் உடைத்துப் போட்ட 400 தகடுகளும் அந்தக் கடலுக்கு அடியில்தான் எங்கோ கிடக்க வேண்டும். கூடாரம் போட்டிருந்த பனிப்பாளம் வடக்கே மிதந்து போய், உடைந்து, உருகி, சுமந்து வந்ததைக் கீழே விட்டிருக்கும்.